எனக்கு மறுத்த உப்பு

கயத்தாற்றில் இருக்கும் என் உரக்கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் யூரியா வந்திருக்கிறதா என்று முதலில் கேட்பதில்லை. "என்ன அண்ணாச்சி, உப்பைத் தின்னு சாகப் பாத்தீங்களாமே" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் உப்பை அள்ளி அள்ளித் தின்றேன் என்று ஒருவர் சொல்கிறார். என் மனைவி எனக்கு விஷம் வைத்துவிட்டாள் என்று இன்னொருவர் கடம்பூர் வரைக்கும் பரப்பி வைத்திருக்கிறார். அவர் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, நடந்ததை நடந்தபடியே எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத வீடு இப்போது எந்தத் தெருவில் இருக்கிறது? படிக்கிற யாருக்காவது உதவட்டும்.

எனக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகிறது. பின்னாலேயே ரத்த அழுத்தமும் வந்தது. இரண்டுக்கும் மாத்திரை போடுகிறேன். போன வருடம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியேட்டினின் கூடுதலாக இருக்கிறது என்றார்கள். சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்ப வேண்டிய கழிவு அது. ரத்தத்தில் அது தங்க ஆரம்பித்தால் வடிகட்டி பழுதாகிறது என்று அர்த்தம். "இன்னும் கைமீறிப் போகலை, கவனமா இருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் எதையாவது சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

எங்கள் வீடு கடம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் இருக்கிறது. மழையைப் பார்த்து உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கிற ஊர். அந்த ஊருக்கு ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். நல்ல சாப்பாடு உடம்பையும் மனதையும் எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்கப் போகிறார்களாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு கீரை, கம்பு, குதிரைவாலி சாப்பிடச் சொன்னார்கள். எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள். கூடவே ஒரு உப்பும் கொடுத்தார்கள். பார்ப்பதற்குக் கடை உப்பு மாதிரியேதான் இருக்கும். ஆனால் அழுத்தத்தைக் கூட்டுகிற சோடியத்தைக் குறைத்து, அந்த இடத்தில் வேறொன்றைக் கலந்திருந்தார்கள்.

எனக்கும் என் மனைவி வெள்ளத்தாய்க்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் அழுத்தம் உண்டு, அடிக்கடி தலை சுற்றும். அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சொன்னது ஜெயா என்ற பெண். ஆராய்ச்சிக்காக வீடு வீடாக வருகிறவள், வானரமுட்டிப் பக்கத்துக்காரி, தன்மையாகப் பேசுவாள். என் சிறுநீரகம் பலவீனமாக இருப்பதால் அந்த உப்பு எனக்கு ஆகாது, எனக்குத் தனியாகக் கடை உப்பில் சமைக்க வேண்டும், அதிலும் குறைவாகப் போட வேண்டும் என்று பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னாள். நான் அதை எங்கே கேட்டேன்? ஊரில் பாதிப் பேரைச் சேர்த்துக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டார்களே என்ற கோபம்தான் மண்டைக்குள் நின்றது. அவள் படியிறங்கியதும் வெள்ளத்தாயிடம் சொன்னேன்: "நல்லா இருக்கவியளுக்கு நல்ல உப்பாம். சீக்காளிக்குக் கடை உப்பு போதுமாம். நல்ல நியாயந்தான்."

அவள் உப்புப் பொட்டலங்களை எடுத்து அடுக்களைக்குள் வைத்தாள். பேசிய நான் பேசியதை மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

அன்று முதல் எங்கள் அடுப்பில் இரண்டு குழம்புச் சட்டிகள் ஏறின. ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. என் சட்டியில் மிச்சம் விழாத அளவுக்குத்தான் வைப்பாள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் தன் சட்டியிலிருந்து போட்டுச் சாப்பிடுவாள். அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமைக்கும்போது நாக்கில் வைத்து ருசி பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவள் பிறந்த வீட்டில், ஆண்களுக்குப் பரிமாறும் முன் தொட்டுப் பார்த்தால் எச்சில் என்பார்கள். கையளவுதான் அவளுக்குக் கணக்கு. முப்பது வருடமாக அந்தக் கை தப்பியதில்லை.

மாதம் ஒரு தடவை ஜெயா வந்து வெள்ளத்தாய்க்கு அழுத்தம் பார்ப்பாள். பிறகு கேள்விகள் கேட்பாள். தூக்கம் எப்படி, தலைசுற்றல் உண்டா, மனதுக்கு நிம்மதியாக இருக்கிறதா, சாப்பாடு பிடிக்கிறதா என்றெல்லாம். மற்ற வீடுகளில் அழுத்தம் குறைகிறதாம். எங்கள் வீட்டில் மட்டும் அது இறங்க மாட்டேன் என்று நின்றது.

"உப்பை ஒழுங்கா போடுதீங்களாக்கா?" என்று கேட்டாள் ஜெயா.

"ஒரு வேளகூடத் தப்பல" என்றாள் வெள்ளத்தாய்.

மனசு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் நிம்மதியாக இருக்கிறது என்றே சொன்னாள். தலைசுற்றல் நிற்காதவளுக்கு நிம்மதி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அந்த நாட்களில் என் வாயில் ஒரு கசப்பு வந்து தங்கியது. சாப்பிடும்போதுதான் தெரியும், அடிநாக்கில் இலேசாக. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு வாய் கசக்கும் என்று யாரோ சொல்லி எப்போதோ கேட்டிருந்தேன். அதனால் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் ரத்தம் எடுப்பார்கள். எடுத்தால் முடிந்தது என்று சொல்லிவிடுவார்கள். கசப்பை விழுங்கிக்கொண்டு சாப்பிட்டேன்.

ஒருநாள் காலை கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். சரிபார்த்துவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் கால் வரவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. என் கால் நான் சொல்வதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நெஞ்சு மிக மெதுவாக அடித்தது. ஒரு துடிப்பு வந்த பிறகு அடுத்தது வருமா என்று நான் காத்திருந்தேன். வெயிலால் இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். கடையில் என்னோடு இருப்பவன் வெள்ளத்தாயின் தம்பி கருப்பசாமி. அவன் என்னைத் தூக்கிக் காரில் போட்டுக் கோவில்பட்டிக்கு ஓட்டினான்.

எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். நல்லவர்கள் இருக்கிற இடம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். போனதும் நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தத் தாளைப் பார்த்த நர்ஸ் நடந்து போகவில்லை, ஓடினார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நர்ஸ் ஓடினால் நம் காரியம் சரியில்லை என்று அர்த்தம்.

சிறுநீரகத்துக்கு அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயதுதான், எதையும் மூடி மறைத்துப் பேசத் தெரியாதவர். ரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்றார். எனக்கு விளங்கவில்லை. என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போ சுலபமாப் போச்சு. நீங்க மூட்டை மூட்டையா விக்கிறீங்களே பொட்டாஷ், அதுல இருக்கிற சத்துதான் இது. செடிக்கும் வேணும், நமக்கும் வேணும். ஆனா நம்ம உடம்புல கொஞ்சம் கூடினாலும் இதயம் தாங்காது. சிறுநீரகம்தான் அதை வெளியேத்தணும். உங்களுக்கு அது மெதுவா வேலை செய்யுது."

"தாங்காதுன்னா?"

"நின்னுடும்."

அந்த ஒரு சொல்லோடு என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். முதலில் கால்சியம் ஊசி. அது பொட்டாசியத்தைக் குறைக்காதாம். இதயம் நின்றுவிடாமல் கொஞ்ச நேரம் காவல் காக்குமாம். உடம்பெல்லாம் திகுதிகுவென்று சூடு பரவியது. அடுத்து குளுக்கோஸும் இன்சுலினும். சர்க்கரைக்குத்தான் போடுகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தை உடம்பின் திசுக்களுக்குள் தள்ளி ஒளித்து வைக்கத்தான் இன்சுலின். மூக்கில் ஒரு மூடியை மாட்டிப் புகையாக ஒரு மருந்தை இழுக்கச் சொன்னார்கள். பிறகு தண்ணீரில் ஒரு பொடியைக் கரைத்துக் கொடுத்தார்கள். ஆற்று மணலைக் குடித்த மாதிரி இருந்தது. ஒளித்து வைத்தது திரும்பி வருவதற்குள் அந்தப் பொடி அதை வயிற்று வழியாக வெளியேற்ற வேண்டும். நான் போட்டுக்கொண்டிருந்த அழுத்த மாத்திரையையும் நிறுத்தினார்கள். நல்ல மாத்திரைதானாம். ஆனால் பொட்டாசியத்தை உடம்பில் பிடித்து வைக்குமாம்.

இத்தனையும் நடக்கும்போது டாக்டரம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். இளநீர் குடித்தீர்களா? வாழைப்பழம்? பழச்சாறு? நாட்டு மருந்து ஏதாவது? நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். கடைசியாக, வீட்டில் சோடியம் குறைந்த உப்பு எதுவும் உண்டா என்று கேட்டார்.

"உண்டு டாக்டர். அது என் வீட்டம்மாவுக்கு. எனக்குத் தனிச் சட்டி, கடை உப்பு" என்று சொன்னேன். அவ்வளவு உறுதியாகச் சொல்கிற நோயாளியை நம்பாமல் அவர் என்ன செய்வார்? வெள்ளத்தாயை உள்ளே விடவில்லை; அவள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

பழி கருப்பசாமிமேல் விழுந்தது. முந்தின நாள் வெயிலுக்கு நல்லது என்று எனக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்திருந்தான். எனக்கே அது பிறகுதான் நினைவுக்கு வந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். அந்த ஒன்று மட்டும் இவ்வளவு தூரம் ஏற்றியிருக்காது, ஆனாலும் இனிமேல் கூடாது என்றார். சொந்தக்காரர்களுக்கு முதல் பாதி காதில் ஏறவில்லை. என் அக்காள் வந்து வராந்தாவிலேயே அவனை வறுத்து எடுத்துவிட்டாள். அவன் அதற்குப் பிறகு என் பக்கத்தில் வரவில்லை. மருந்துக் கடைக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் நடப்பான், மற்ற நேரம் கீழே காருக்குள் உட்கார்ந்திருப்பான். சாப்பிட்டானா என்று வெள்ளத்தாய் கேட்டால் சாப்பிட்டேன் என்பான். சாப்பிட்டிருக்க மாட்டான்.

பொட்டாசியம் இறங்கியது. வார்டுக்கு மாற்றினார்கள். ஆறு கட்டில் உள்ள வார்டு. பார்க்க வந்தவர்களின் அறிவை என்னவென்று சொல்ல? சர்க்கரைக்காரனுக்குக் கடம்பூர் போளியை ஒரு பெட்டி வாங்கி வந்து தலைமாட்டில் வைத்தார் ஒரு மாமா. இன்னொருவர் ஆரஞ்சு. வெள்ளத்தாய் எல்லாவற்றையும் வாங்கிப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். அவள் கண்டிப்பைப் பார்த்து நர்ஸ்களே மெச்சினார்கள்.

மருத்துவமனைச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை என்பதால் மதியத்துக்கு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவர அனுமதி கொடுத்தார்கள். உணவு ஆலோசகர் வெள்ளத்தாயை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும். கீரை வேண்டாம், தக்காளி வேண்டாம். உப்பு குறைவாக. அவள் அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டாள். காலையில் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்ச் சமைத்து, மதியத்துக்குள் தூக்குச்சட்டியோடு திரும்பி வருவாள். தண்ணீரை இரண்டு தடவை வடித்தேன் என்று பெருமையாகச் சொன்னாள்.

அப்படி இரண்டு மதியம் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா கையில் ரிப்போர்ட்டோடு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"மறுபடி ஏறியிருக்கு. உள்ளே தள்ளினது கொஞ்சம் திரும்பி வரத்தான் செய்யும். ஆனா இது அதுக்கும் மேல. எங்கிருந்தோ உள்ளே போய்க்கிட்டே இருக்கு. எனக்குத் தெரியலை."

டாக்டர் வாயிலிருந்து தெரியவில்லை என்று கேட்பதைப் போலப் பயங்கரம் எதுவும் இல்லை. மருந்துகளை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். மாலையில் ரத்தம் எடுப்போம், மறுநாள் காலையிலும் எடுப்போம், அப்போதும் ஏறுமுகமாக இருந்தால் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்ய வேண்டியதுதான் என்றார். ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவது. ஒரு தடவையோடு முடியுமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார். எங்கள் ஊரிலிருந்து ஒருவர் வாரம் மூன்று நாள் அதற்காகத் திருநெல்வேலிக்குப் போய்வருகிறார். மீதி நாட்களில் போய்வந்த அசதியில் படுத்துக் கிடக்கிறார். அவரைப் பஸ் நிறுத்தத்தில் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். இனி நானும் அந்தப் பஸ்ஸில்தான் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துவிடக் கூடாதே என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மதியம் வெள்ளத்தாய் வந்தாள். மறுபடி ஏறியிருக்கிறது என்று நர்ஸ் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். முகம் கறுத்துப் போயிருந்தது. மோர்ச்சோற்றைப் பிசைந்து, புடலங்காய்க் கூட்டோடு தட்டில் வைத்துக் கொடுத்தாள். பசிக்கவில்லை. அவள் அவ்வளவு தூரம் போய்ச் சமைத்துக்கொண்டு வந்திருக்கிறாளே என்று ஒரு வாய் வைத்தேன்.

அடிநாக்கில் கசப்பு.

காலையில் மருத்துவமனையில் கொடுத்த இட்லி உப்பில்லாமல் சப்பென்று இருந்தது. ஆனால் அது கசக்கவில்லை. நேற்று இரவுக் கஞ்சியும் கசக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கொடுத்த எதுவும் கசக்கவில்லை. என் வாயில் நோயின் கசப்பு இருந்தால் எல்லாமே கசக்க வேண்டுமே. இன்னொரு வாய் வைத்தேன். இப்போது விழுங்காமல் நாக்கிலேயே வைத்திருந்தேன். அந்தக் கசப்பை எனக்குத் தெரியும். கடையில் பொட்டாஷ் மூட்டை உடைந்தால் தூசி பறந்து உதட்டில் படியும். தெரியாமல் நக்கிவிட்டால் முதலில் உப்புக் கரிக்கும், அப்புறம் அடிநாக்கு கசக்கும். எத்தனை வருடமாகத் துப்பிக்கொண்டிருக்கிற கசப்பு அது.

தட்டைக் கீழே வைத்தேன்.

"ஏட்டி, இதுக்கு எந்த உப்பு போட்ட?"

அவள் தூக்குச்சட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நல்ல உப்புதான்" என்றாள்.

"எது நல்ல உப்பு?"

"ஜெயா குடுத்தது."

"அது ஒனக்குல்லா குடுத்தது?"

"ஆமா. எனக்குக் குடுத்தத ஒங்களுக்குப் போட்டேன். கடை உப்ப நான் போட்டுக்கிட்டேன். ஒரு ஆளுக்குள்ள அளவுதான் குடுத்தா, ரெண்டு பேருக்குக் காணாதுல்லா. சீக்காளிக்குக் கடை உப்பு போதுமான்னு அன்னைக்கு எம்புட்டு வருத்தமா சொன்னீங்க. நான் நல்லதத் தின்னுக்கிட்டு ஒங்களுக்குக் கெட்டதப் போடவா?"

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். உப்பு வந்த மூன்றாம் நாளிலிருந்தே என்றாள். முதல் இரண்டு நாள் ஜெயா சொன்னபடி செய்து பார்த்தாளாம். சோறு தொண்டையில் இறங்கவில்லையாம். மாற்றிப் போட ஆரம்பித்த பிறகுதான் நிம்மதியாக இருந்ததாம். ஜெயாவின் கேள்விக்கு அவள் சொன்ன பதில் பொய்யே இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் யார்மேல் எறிவது? நல்ல நியாயந்தான் என்று படியில் நின்று பேசியது நான். அதுதான் இரண்டு சட்டிக்குள்ளும் இறங்கி வேலை செய்திருக்கிறது. அவளிடம் சொன்னேன்: "அந்த உப்புல இருக்கதுதான் பொட்டாசியம். அதுதான் என்னைக் கொல்லுது."

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு தட்டையும் தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தேய்க்கிற சத்தம் வார்டு வரைக்கும் கேட்டது. வெகுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சத்தம் நின்றது. ஒரு பெண் சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிட்டாள்.

வெள்ளத்தாய் குழாயடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்திருந்தாளாம். கைத்தாங்கலாக அழைத்து வந்து காலியாக இருந்த கட்டிலில் படுக்க வைத்து அழுத்தம் பார்த்தார்கள். அந்த எண்ணை நர்ஸ் வாய்விட்டுச் சொல்லவில்லை; நேரே டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார். எனக்கு ஆகாத உப்பு எனக்குள்ளும், அவளுக்கு ஆகாத உப்பு அவளுக்குள்ளுமாக ஒரே வீட்டில் இத்தனை மாதம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. நான் சாகப் பார்த்தேன் என்று ஊர் சொல்கிறது. அவளும்தான் சாகப் பார்த்தாள். அதை ஒருவரும் சொல்வதில்லை.

டாக்டரம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. வெள்ளத்தாயின் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல உப்பு, கெட்ட உப்புன்னு எதுவும் இல்லைம்மா. உங்களுக்கு மருந்தா இருக்கிறது அவருக்கு விஷம். சிறுநீரகம் நல்லா இருக்கிறவங்களுக்குத்தான் அது" என்றார். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அவரே போனில் தகவல் சொன்னார். வெள்ளத்தாய் கூரையைப் பார்த்தபடி, "அவியளுக்குச் சரியாயிருமா?" என்று மட்டும் கேட்டாள். நாளைக் காலை ரத்தம் சொல்லும் என்றார் அவர்.

மாலை ரிப்போர்ட்டில் அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த இரவைப் பற்றி என்ன சொல்ல? அவள் ஒரு கட்டிலில், நான் ஒரு கட்டிலில். இரண்டு பேரும் தூங்குவதாக நடித்தோம். விடிந்ததும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ரிப்போர்ட் வரும்வரை நான் என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிதானமாக அடிப்பதுபோலத் தோன்றும். அடுத்த நிமிடம் மெதுவாகிவிட்டதுபோலத் தோன்றும். காலடிச் சத்தம் கேட்டால் வாசலைப் பார்ப்பேன். ஆனால் அன்றைக்கு ஓடி வந்தது நர்ஸ் இல்லை, கருப்பசாமி. பரிசோதனைக் கூடத்து வாசலிலேயே காத்திருந்து கேட்டுக்கொண்டு, எத்தனை நாள் கழித்தோ என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றான்.

"எறங்கிட்டு அத்தான். குழாய் வேண்டாமாம்."

அவன் கையைப் பிடித்தேன். அக்காள் அவனைத் திட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "காபி குடிச்சியாடே?" என்றுதான் வாயில் வந்தது. இல்லை என்றான். இந்தத் தடவை உண்மையைச் சொன்னான்.

அளவு மேலும் இறங்கி நிலைப்பட்ட பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரைகள் மாறின. கிரியேட்டினின் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. ஒழுங்காக இருந்தால் இன்னும் பல வருடம் ஓட்டலாம் என்றார்கள்.

ஜெயா வந்தாள். அவளோடு ஆராய்ச்சி டாக்டர் ஒருவரும் வந்திருந்தார். வெள்ளத்தாய் அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே மிச்சமிருந்த பொட்டலங்களைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டாள். இதை இனி இந்த வீட்டில் வைக்க மாட்டேன், எனக்கும் வேண்டாம் என்றாள். அவளுடைய கணக்கை இனி ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது என்று அந்த டாக்டரே சொன்னார். மற்ற வீடுகளிலும் யாருக்கு எந்தச் சட்டி என்று உட்கார்ந்து பார்க்கப் போகிறார்களாம். ஆனால் உப்பை அவள் விடக் கூடாது, அவள் உடம்புக்கு அது தேவை, என்னிடமிருந்து விலக்கி வைத்தால் போதும் என்றார். ஜெயாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "இன்னும் ரெண்டு தடவ வெளங்கச் சொல்லியிருக்கணும் அண்ணாச்சி" என்றாள். நீ நன்றாகத்தான் சொன்னாய், கேட்டவன் காது சரியில்லை என்றேன்.

வெள்ளத்தாய் மசியவில்லை. அடுத்து வந்த நாட்களில் அவளும் என்னைப் போலவே குறைந்த கடை உப்பில் சாப்பிட்டாள். தலைசுற்றல் குறையவில்லை. ஒருநாள் சொன்னேன்: "நீ கெறங்கி விழுந்தா எனக்கு யாரு தண்ணி வடிச்சுப் பொங்குவா?" அது அவளுக்கு உறைத்தது. தனக்கு நல்லது என்றால் கேட்கமாட்டாள். எனக்கு நல்லது என்றால் கேட்பாள். அந்த வழியாகத்தான் அவளைப் பிடிக்க முடிந்தது. ஜெயாவிடம் சொல்லி அந்த உப்பைத் திரும்ப வாங்கினேன்.

இப்போது எங்கள் அடுப்பில் மறுபடியும் ஒரே சட்டி. உப்பில்லாமல் இறக்குகிறாள். உப்புக்கு இரண்டு கிண்ணம். எனக்கு உள்ளதை அவள் கிள்ளிப் போடுவாள். அவளுக்கு உள்ளதை நான் போடுவேன். அதற்காகவே நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் சாப்பிடுகிற வழக்கத்தை விட்டாள், எதிரெதிரே உட்காருகிறோம்.

முதல் நாள் அப்படி உட்கார்ந்தபோது அவள் தட்டில் அந்த உப்பை என் கையால் தூவினேன். அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இத்தனை மாதம் கையால் அள்ளிப் போட்டவள், முதல் இரண்டு நாளுக்குப் பிறகு அந்த உப்பை நாக்கில் வைத்தது அன்றைக்குத்தான். அந்த முதல் இரண்டு நாளும் சோறு இறங்காத வேதனையில் ருசி எங்கே தெரிந்திருக்கும்?

"கைக்குதே" என்றாள்.

"ஆமா."

"இந்தக் கைப்போடயா இம்புட்டு நாளும் ஒரு வார்த்த சொல்லாம சாப்ட்டீங்க?"

பயத்தில் சொல்லவில்லை, சிறுநீரகம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன் என்றேன். "நான் சொல்லியிருந்தா அன்னைக்கே நீ அந்த உப்ப எடுத்துக் கொட்டியிருப்ப."

அவள் என் தட்டைப் பார்த்தாள். என் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். எனக்குப் போடுவதற்கு முன், முப்பது வருடத்தில் முதல் தடவையாக, அதைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.